மழலையர் வகுப்பில் சண்டைகளை உற்றுநோக்கப் போகிறவர்களுக்கு: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

குழந்தை உளவியல், மழலையர் கல்வி, சமூகப்பணி படிப்பவர்களில் பலர் ஆய்வேட்டுக்கு எடுக்கும் தலைப்பு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகள் தங்களுக்குள் காட்டும் ஆக்ரோஷம் ஆண் பிள்ளைகளிடமும் பெண் பிள்ளைகளிடமும் எப்படி வேறுபடுகிறது என்பதுதான் அது. கேட்க எளிதாக இருக்கும். ஒரு வகுப்பில் உட்கார்ந்து யார் யாரை அடிக்கிறார்கள் என்று எண்ணினால் போதும் என்று தோன்றும். நானும் இதே வேலையைச் செய்து முடித்தவள். காகிதங்களுக்காகக் காத்திருந்ததும், எது சண்டை, எது விளையாட்டு என்று பிரிக்கத் திணறியதும்தான் என் காலத்தில் பெரும்பகுதியைத் தின்றன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 3 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பில் நீங்கள் கண்டுபிடிக்கும் வேறுபாடு பிள்ளைகளிடம் இருக்கிறதா, பார்த்த உங்கள் கண்ணில் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளில் பாதி அந்தப் பதிலுக்காகத்தான்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"ஆண் பிள்ளைகள் அதிக ஆக்ரோஷமானவர்களா?" என்ற கேள்வியோடு போகாதீர்கள். அதற்கு ஓரளவு பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2008இல் நோயல் கார்டும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நேரடி ஆக்ரோஷத்தில், குறிப்பாக அடிப்பது தள்ளுவதில், ஆண் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஒதுக்குவது, புறம் பேசுவது போன்ற மறைமுக ஆக்ரோஷத்தில் இரு பாலாருக்கும் இடையிலான வேறுபாடு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. "பையன்கள் அடிப்பார்கள், பெண் பிள்ளைகள் ஒதுக்குவார்கள்" என்ற பேச்சில் முதல் பாதிக்கு இருக்கும் வலு இரண்டாம் பாதிக்கு இல்லை.

அதனால் கேள்வியைக் குறுக்குங்கள். எந்த வகை ஆக்ரோஷம்? யார் மேல், தன் பாலினப் பிள்ளை மேலா, எதிர்ப் பாலினப் பிள்ளை மேலா? எதற்காக, பொருளுக்கா, இடத்துக்கா, நட்புக்கா? முடிந்தபின் என்ன ஆனது? இதில் ஒன்றோ இரண்டோ போதும். நான்கையும் ஒரே ஆய்வேட்டில் அடைக்கப் பார்த்தால் எதற்கும் போதுமான பதிவு சேராது.

வயதை ஆண்டில் எழுதாமல் மாதத்தில் எழுதுங்கள். உடல்வழி ஆக்ரோஷம் பெரும்பாலான பிள்ளைகளிடம் 2, 3 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறையத் தொடங்குகிறது. கனடாவில் ரிச்சர்ட் டிரம்ப்ளே குழுவினர் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துச் சொன்னது இது. உங்கள் வகுப்பில் ஆண் பிள்ளைகள் சராசரியாக ஆறேழு மாதம் இளையவர்களாக இருந்துவிட்டால், வயதின் விளைவைப் பாலினத்தின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

2. காகிதங்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

வரிசை தப்பினால் வாங்கிய கையெழுத்தையே திரும்ப வாங்க வேண்டி வரும்.

முதலில் கல்வி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு. விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்டம், பெற்றோருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், காலியான பதிவுத்தாள், தரவை எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற குறிப்பு எல்லாம் போக வேண்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் குழு ஒருமுறையாவது திருத்தம் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஒதுக்குங்கள். குழு எப்போது கூடுகிறது என்ற தேதியை முதல் நாளே கேட்டு வையுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை ஒன்றும் நகராது.

இரண்டாவது பள்ளியின் எழுத்துபூர்வ அனுமதி. வாய்மொழிச் சம்மதத்தை நம்பி அடுத்த படிக்குப் போகாதீர்கள். தலைமையாசிரியர் மாறினால் அது காற்றோடு போய்விடும். பிள்ளைகளுடன் இருக்கப்போகிறவர் என்பதால் உங்களைப் பற்றிய பின்னணிச் சரிபார்ப்புச் சான்று கேட்கப்படலாம். அது வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரம் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாவது வகுப்பாசிரியர். தலைமையாசிரியர் சரி என்று சொல்லிவிட்டதால் வகுப்பாசிரியரும் சரி என்கிறார் என்று பொருளில்லை. தன் வகுப்பில் எத்தனை சண்டை என்று எண்ண ஒருவர் வருவது அவருக்குத் தன் வேலையை எடைபோட வருவதாகத்தான் தெரியும். பதிவுத்தாளை அவரிடம் காட்டுங்கள். அதில் அவரைப் பற்றிய கட்டம் எதுவும் இல்லை என்பதை அவரே பார்க்கட்டும். இந்தப் பேச்சு நடக்காமல் உள்ளே போனால், நீங்கள் இருக்கும் நேரமெல்லாம் அவர் சண்டை மூளுமுன்பே தடுத்துவிடுவார். உங்களுக்குப் பதிவே கிடைக்காது.

நான்காவது பெற்றோர். தகவல் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. "ஆக்ரோஷ நடத்தை ஆய்வு" என்று தலைப்பிட்டால் தன் பிள்ளையை முரடன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று பெற்றோர் பதறுவார்கள். அதற்காக உண்மையை மறைப்பதும் தவறு. "பிள்ளைகள் சேர்ந்து விளையாடும்போதும் அவர்களுக்குள் சண்டை வரும்போதும் எப்படி நடந்துகொள்கிறார்கள்" என்று எழுதினால் முழு உண்மையும் இருக்கும், பயமும் இருக்காது. வீடியோ எடுப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து. உற்றுநோக்கலுக்குச் சம்மதிக்கும் பலர் வீடியோவுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே கையெழுத்தில் சேர்த்தால் இரண்டுமே போய்விடும். படிவங்கள் திரும்பிவர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: "பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்" என்ற வரி. பல நெறிமுறைக் குழுக்கள் இதை ஏற்பதில்லை. ஏற்கும் இடத்திலும், கடிதமே போய்ச் சேராத வீடுகள் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். சம்மதம் கிடைக்காத பிள்ளையும் அதே அறையில்தான் விளையாடும். சம்மதம் உள்ள பிள்ளை அதை அடித்தால் என்ன செய்வீர்கள்? அடித்த பிள்ளையின் செயலை மட்டும் குறித்து, மற்றவரைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுவது ஒரு வழி. பாலினத்தைக்கூட எழுதக் கூடாதா என்று குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பிள்ளையின் சம்மதம். ஐந்து வயதுப் பிள்ளை கையெழுத்துப் போட முடியாது, ஆனால் "என்னைப் பார்க்காதே" என்று சொல்ல முடியும். சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உங்களைக் கண்டதும் நகர்ந்துபோவதும் அதே பதில்தான்.

3. எது ஆக்ரோஷம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வகுப்புக்குள் காலெடுத்து வைக்கும் முன், ஒவ்வொரு வகைக்கும் இரண்டு வரி வரையறையும் நான்கைந்து உதாரணமும் எழுதிய தாள் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

உடல்வழி: அடித்தல், தள்ளுதல், கிள்ளுதல், கடித்தல், முடியை இழுத்தல், கையிலிருப்பதைப் பலவந்தமாகப் பிடுங்குதல். கை ஓங்கி மிரட்டுவதைச் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

சொல்வழி: பட்டப்பெயர் வைத்தல், திட்டுதல், கேலி, "அடிச்சிடுவேன்" என்ற மிரட்டல்.

உறவுவழி: நட்பையே ஆயுதமாக்குவது. நிக்கி கிரிக்கும் ஜெனிஃபர் குரோட்பீட்டரும் 1995இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்ட வகை இது. சின்னப் பிள்ளைகளிடம் இது முகத்துக்கு நேராகவே நடக்கும். "இதைக் கொடுக்காவிட்டால் நீ என் ஃபிரெண்ட் இல்லை", "பிறந்தநாளுக்கு உன்னைக் கூப்பிட மாட்டேன்", "அவளைச் சேர்த்துக்காதே." பேசாமலும் நடக்கும்: ஒரு பிள்ளை பேசப் பேசக் காதைப் பொத்திக்கொள்வது, விளையாட்டு வட்டத்தை நெருக்கி இடம் தராமல் திரும்பிக்கொள்வது. சத்தமில்லாததால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இவை தெரியவே தெரியாது. அடிதடி அறையின் மறுகோடியிலிருந்தும் கேட்கும். ஆகவே ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், உங்கள் தாளில் உறவுவழி ஆக்ரோஷம் இருக்கும் அளவைவிடக் குறைவாகவே பதியும். பேச்சு காதில் விழும் தூரத்தில் இருக்க முடியாவிட்டால் இந்த வகையை ஆய்விலிருந்து எடுத்துவிடுவது நேர்மை.

அப்புறம், ஆக்ரோஷம் அல்லாதவை. முரட்டு விளையாட்டைத்தான் பெரும்பாலோர் சண்டையோடு குழப்பிக்கொள்கிறார்கள். துரத்துவது, கட்டிப் புரள்வது, மல்லுக்கு நிற்பது எல்லாம் எண்ணிக்கையில் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். இதைச் சண்டைக் கணக்கில் சேர்த்தால் பாலின வேறுபாடு செயற்கையாக வீங்கிவிடும். பிரித்தறிய நான்கு அடையாளங்களைப் பாருங்கள். முகத்தில் சிரிப்போ திறந்த வாயோ இருக்கிறதா, புருவம் நெரிந்திருக்கிறதா? கை விரிந்திருக்கிறதா, முஷ்டியா? துரத்தியவன் அடுத்த நிமிடம் துரத்தப்படுகிறவனாக மாறுகிறானா? எல்லாவற்றையும்விட, முடிந்ததும் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்களா, ஒருவர் விலகிப் போகிறாரா? நான்காவது அடையாளம்தான் மிகவும் கைகொடுக்கும். அதைப் பார்க்க, சம்பவம் முடிந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

நோக்கத்தையும் பிரியுங்கள். பொம்மை வேண்டும் என்பதற்காகத் தள்ளுவது ஒன்று, வலிக்கட்டும் என்றே தள்ளுவது இன்னொன்று. இந்த வயதில் பெரும்பகுதி முதல் வகை. ஆனால் நோக்கம் கண்ணுக்குத் தெரியாது. "வேண்டுமென்றே", "கோபத்தோடு" போன்ற சொற்களைப் பதிவுத்தாளில் எழுதாதீர்கள். சண்டைக்கு முன் என்ன இருந்தது, பின் என்ன கிடைத்தது என்பதை மட்டும் குறியுங்கள். நோக்கத்தைப் பிறகு அதிலிருந்து கணிக்கலாம்.

4. பதிவுத்தாளும் முறையும்

சண்டைகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியவை. ஹெலன் டேவ் 1934இல் வெளியிட்ட ஆய்வில் மழலையர் சண்டைகள் 200ஐ நேரம் குறித்துப் பார்த்தார். சராசரி 24 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பார்க்கவும் வேண்டும், வாக்கியமாக எழுதவும் வேண்டும் என்றால் கை ஓடாது. எனவே குறியீடுகள். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி: நேரம், தொடங்கிய பிள்ளையின் எண், எதிரில் இருந்த பிள்ளையின் எண், வகை, எதற்காக, எதிர்வினை, முடிவு, பெரியவர் தலையிட்டாரா. கடைசியில் ஒரு கட்டம் காலியாக, சொன்ன வார்த்தையை அப்படியே எழுத. பிள்ளைகளின் பெயர் தாளில் எங்கும் இருக்கக் கூடாது. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியாக, பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

வகுப்பு முழுவதையும் பார்த்து, கண்ணில் பட்டதைக் குறிப்பது சுலபம். ஆனால் கண்ணில் படுவது சத்தமானதும் பெரியதும்தான். அதற்குப் பதில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையை மட்டும் தொடருங்கள். 5 அல்லது 10 நிமிடம், பிறகு பட்டியலில் அடுத்த பிள்ளை. விலங்கு நடத்தை ஆய்வுக்காக ஜீன் ஆல்ட்மன் 1974இல் தெளிவுபடுத்திய முறைதான் இது, பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. பட்டியலின் வரிசையை ஒவ்வொரு நாளும் குலுக்கிப் போடுங்கள். மறுகோடியில் பெரிய சண்டை நடந்தாலும், இப்போதைய பிள்ளை அதில் இல்லையென்றால் எழுதாதீர்கள். மனசு கேட்காது. எழுதினால் முறையே உடைந்துவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தம் ஒரு மணி நேரமாவது சேர வேண்டும். அதற்குக் குறைந்தால் பாதிப் பிள்ளைகளின் கட்டங்கள் பூஜ்யமாகவே நிற்கும்.

5. உங்கள் கண்ணைச் சோதியுங்கள்

ஜான் காண்ட்ரியும் சாண்ட்ரா காண்ட்ரியும் 1976இல் ஒரே குழந்தையின் ஒரே வீடியோவைப் பலரிடம் காட்டினார்கள். சிலரிடம் அது பையன் என்றும் சிலரிடம் பெண் என்றும் சொன்னார்கள். பெட்டியிலிருந்து துள்ளி எழும் பொம்மையைப் பார்த்து அழுத குழந்தைக்குக் கோபம் என்றார்கள் பையன் என்று நம்பியவர்கள். பயம் என்றார்கள் பெண் என்று நம்பியவர்கள். 1985இல் ஜான் காண்ட்ரியும் டேவிட் ராஸும் இன்னொன்று செய்தார்கள். பனிக்கால உடுப்பில் மூடியிருந்ததால் பாலினம் தெரியாத இரண்டு பிள்ளைகள் பனியில் முரட்டுத்தனமாக விளையாடும் வீடியோ. இருவருமே பையன்கள் என்று நம்பியவர்களுக்குத்தான் அது குறைவான ஆக்ரோஷமாகத் தெரிந்தது. சார்பு எப்போதும் ஒரே பக்கம் சாயும் என்று எண்ணி அதைக் கழித்துவிட முடியாது என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் புரியும்.

செய்ய வேண்டியது: இரண்டாவது உற்றுநோக்குபவர் ஒருவரைப் பிடியுங்கள். உங்கள் கேள்வி அவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. வரையறைத் தாளைக் கொடுத்துப் பயிற்சி கொடுங்கள். மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருவரும் ஒரே பிள்ளையை ஒரே நேரத்தில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் பதியுங்கள். பிறகு கோஹென் கப்பா கணக்கிடுங்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண் அது. வெறும் சதவீத ஒப்புமை போதாது, ஏனென்றால் தற்செயலாகவே நிறைய ஒத்துப்போகும். 0.61க்கு மேல் கணிசமான ஒப்புமை என்பது 1977இல் லாண்டிஸும் காக்கும் கொடுத்த அளவுகோல். நான் 0.7க்குக் கீழே நிறுத்தமாட்டேன்.

கப்பாவை உடல்வழி, சொல்வழி, உறவுவழி என்று தனித்தனியாகப் போடுங்கள். ஆண் பிள்ளைகளின் சம்பவங்களுக்கும் பெண் பிள்ளைகளின் சம்பவங்களுக்கும் தனித்தனியாகவும் போடுங்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒரு பாலினத்தில் மட்டும் ஒப்புமை சரிந்தால், வரையறை அங்கே ஏதோ தடுமாறுகிறது என்று அர்த்தம். களத்துக்குப் போகும் முன் இது தெரிந்தால் திருத்தலாம், பின்னால் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

6. வகுப்புக்குள்

முதல் வாரம் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். தாளோடு உட்காருங்கள், எழுதிப் பழகுங்கள், ஆனால் அந்தத் தாள்கள் பயிற்சிக்கு மட்டும். புதியவர் இருக்கும்போது பிள்ளைகள் வேறு மாதிரி இருப்பார்கள். "என்ன எழுதுறீங்க?" என்று வந்து கேட்பார்கள். "நீங்க எப்படி விளையாடுறீங்கன்னு எழுதுறேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக. புகார் சொல்ல வருவார்கள். ஒருமுறை நியாயம் தீர்த்துவிட்டால் பிறகு நீங்களும் ஆசிரியர்தான்.

காயம் படும் நிலை வந்தால் பதிவை விட்டுவிட்டு ஆசிரியரை அழையுங்கள், அவர் தூரத்தில் இருந்தால் நீங்களே தடுங்கள். எந்த அளவில் தலையிடுவீர்கள் என்பதையும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப இலக்காவதைக் கண்டால் ஆய்வு முடியும்வரை காத்திராதீர்கள். அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

7. எண்ணும்போது

மொத்த எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள், மணி நேரத்துக்கு எத்தனை என்று ஒப்பிடுங்கள். விடுப்பெடுத்த பிள்ளைக்கு நேரம் குறைவாக இருக்கும்.

யார் மேல் என்பது உங்கள் கேள்வியானால் இன்னும் கவனம் வேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் தன் பாலினத்தோடுதான் விளையாடுகிறார்கள். எலினோர் மக்கோபியும் கேரல் ஜாக்லினும் 1987இல் காட்டியபடி, நாலரை வயதில் எதிர்ப் பாலினத்தோடு செலவிடும் நேரத்தைப்போல ஏறக்குறைய 3 மடங்கு நேரம் தன் பாலினத்தோடு போகிறது. ஆறரை வயதில் அது 11 மடங்கு. பையன்கள் பையன்களைத்தான் அடிக்கிறார்கள் என்று உங்கள் தாள் சொல்வதற்கு, பக்கத்தில் பையன்கள்தான் இருந்தார்கள் என்பதே முழுக் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் ஒருமுறை அந்தப் பிள்ளையோடு யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கட்டத்தில் குறித்துவந்தால் இதைச் சரிசெய்யலாம். பதிவு முடிந்தபின் இந்தத் தகவலை எங்கிருந்தும் பெற முடியாது.

சராசரியை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். இரண்டு மூன்று பிள்ளைகளே வகுப்பின் பாதிச் சண்டைகளுக்குக் காரணமாக இருப்பது சாதாரணம். அந்த மூவரும் பையன்களாக அமைந்தால் "ஆண் பிள்ளைகள்" என்று நீங்கள் எழுதுவது உண்மையில் அந்த மூவரைப் பற்றித்தான். அவர்களை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்குப் போட்டு, இரண்டு முடிவையும் ஆய்வேட்டில் கொடுங்கள். தரவில் பூஜ்யங்கள் நிறைய இருக்கும், எனவே இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சாதாரண டி சோதனை பொருந்தாது. எண்ணிக்கைத் தரவுக்கான முறைகளைப் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் பதிவு தொடங்கும் முன்பே கேளுங்கள்.

ஆசிரியரிடம் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பச் சொல்வதாக இருந்தால், களப்பதிவு முடிந்த பிறகு கொடுங்கள். முன்பே வாங்கிப் பார்த்துவிட்டால் யார் "முரடு" என்ற பட்டியல் உங்கள் தலையில் ஏறிவிடும்.

8. காலமும் செலவும்

அனுமதிகளுக்கு மூன்று முதல் நான்கு மாதம். வரையறையும் இருவர் பயிற்சியும் அந்தக் காத்திருப்புக்குள் முடியலாம். சிறிய அளவில் செய்து பார்க்கும் முன்னோட்டத்துக்கு மட்டும் அனுமதி வந்தாக வேண்டும். களம்: 20 பிள்ளைகளுக்குத் தலா ஒரு மணி நேரம் என்றால் 20 மணி நேரம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளில் சுதந்திர விளையாட்டு நேரம் ஒரு மணியளவே கிடைக்கும், அதிலும் மழை, விழா, விடுப்பு உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். பள்ளி தொடங்கிய முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் தவிருங்கள்.

வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரக் காட்சியைக் குறியிட நான்கைந்து மணி நேரமாவது போகும். பேச்சைக் கேட்டு எழுதுவதும் சேர்ந்தால் இன்னும் கூடும். பணச்செலவில் பெரியது இரண்டாவது உற்றுநோக்குபவருக்கான ஊதியம். அடுத்தது போக்குவரத்து. அச்சடிப்பது, நகல் எடுப்பது, கடிகாரம் எல்லாம் சிறியவை. வெளியான மதிப்பீட்டுப் படிவம் எதையாவது பயன்படுத்துவதானால், அதற்குக் கட்டணமோ அனுமதியோ தேவையா என்று வெளியிட்டவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வர நாளாகலாம்.

9. பள்ளிக்கு அறிக்கை கொடுக்கும்போது

வகுப்பு முழுவதற்குமான முடிவுகளை மட்டும் இரண்டு பக்கத்தில் கொடுங்கள். "என் பிள்ளை எப்படி?" என்று பெற்றோர் கேட்பார்கள். தனிப் பிள்ளையின் பதிவைத் தரமாட்டோம் என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருந்தால் அங்கே சங்கடம் வராது. ஒரு பாலினத்தில் நான்கைந்து பிள்ளைகளே இருக்கும் சிறிய வகுப்பானால், பாலின வாரியான அட்டவணையை வைத்தே யார் என்று ஊகித்துவிடுவார்கள். அந்த அட்டவணையைப் பள்ளி அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டு ஆய்வேட்டில் மட்டும் வையுங்கள். அறிக்கை அனுப்பிய கையோடு, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை அழித்துவிட்டு, அழித்த தேதியை நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள்.